அச்சகத்துக் கொம்பியூட்டரில் ஏழு நிறம்

பழைய மெக்கின்டோஷ் கொம்பியூட்டர்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதன் வடிவத்தைப் பற்றிப் பேசுவார்கள், இல்லாவிட்டால் அதில் ஓடிய விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது, ஃபைல்களைத் திரையில் காட்டும் ஃபைண்டர் என்ற சொப்ட்வேரின் மேற்பட்டியில் கிடந்த 'லேபல்' என்ற மெனு. 1991 மே மாதம் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட சிஸ்டம் 7 இல் அது வந்தது. ஒரு ஃபைலையோ ஃபோல்டரையோ தெரிவுசெய்து, மெனுவை இழுத்து, ஏழு நிறத்தில் ஒன்றைக் கொடுத்தால் ஐகன் முழுவதும் அந்தச் சாயம் ஏறி நிற்கும். நிறம் போடும் வசதி இதற்கு முந்திய சிஸ்டத்திலும் இருந்தது. நிறத்துக்கு ஒரு பெயரும் வைக்கலாம் என்பதுதான் 7 இல் புதிது.

இந்த மெனு இல்லாவிட்டால் மட்டக்களப்பில் ஒரு பிரஸ்ஸில் வேலை நடந்திருக்காது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அது என் மாமாவின் பிரஸ். அம்மாவின் தம்பி. கோட்டைமுனையில் ஈய எழுத்துக் கோத்து மிதி மெசினில் அடித்துக்கொண்டிருந்தவர், தொண்ணூறுகளின் நடுவில் கொழும்பில் ஒரு அச்சகம் கழித்துவிட்ட மெக்கின்டோஷ் கலர் கிளாசிக் ஒன்றை வாங்கினார். 1994 இல் பவர் மெக்கின்டோஷ் வந்தபிறகு கொழும்புக்காரர்கள் அதற்கு மாறினார்கள்; பழையவை மலிவாகக் கிடைத்தன. பொலன்னறுவை வழியாக, வெலிக்கந்தை தாண்டி, சாவடிக்குச் சாவடி பெட்டியைத் திறந்து காட்டி அது வந்து சேர்ந்தது. 1993 இல் வெளியான மெசின். பத்து அங்குலத் திரை, குறுக்கே 512 புள்ளி, நெடுக்கே 384 புள்ளி. 16 மெகாஹெர்ட்ஸ் வேகம். இன்று கைக்கடிகாரத்துக்குக்கூட இது காணாது. ஆனால் அந்தச் சின்னத் திரையில் நிறங்கள் தெளிவாக நின்ற மாதிரி அதற்குப்பிறகு நான் பார்த்த எத்தனையோ மலிவு மொனிட்டரில் நிற்கவில்லை.

மாமாவுக்கு நிறம் தேவைப்பட்டதன் காரணம் தமிழ்.

அந்தக் காலத்தில் கொம்பியூட்டரில் தமிழ் என்றால் எழுத்துரு, அவ்வளவுதான். எல்லா மொழி எழுத்துக்கும் பொது எண் கொடுக்கும் யூனிகோட்டின் முதற்பதிப்பு 1991 இல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் ஒதுக்கியாயிற்று. அது எங்கள் மேசைக்கு வந்துசேரப் பல வருசம் கிடந்தது. மாமாவிடம் இருந்தது பாமினி அடுக்கில் தட்டும் ஒரு எழுத்துரு. ஆங்கில 'ஜே'யைத் தட்டினால் 'த', 'பி'யைத் தட்டினால் இகரக் குறி, பெரிய 'யூ'வைத் தட்டினால் 'ரு'. மூன்றையும் தட்டினால், பக்கம் அமைக்கும் சொப்ட்வேரான பேஜ்மேக்கரில் 'திரு' என்று அழகாக வந்து நிற்கும். அதையே ஒரு ஃபைலுக்குப் பெயராகத் தட்டினால் ஜே, பி, யூ என்ற மூன்று ஆங்கில எழுத்தாகவே கிடக்கும். ஃபைண்டர் பெயர்களையெல்லாம் ஜெனீவா என்ற ஆங்கில எழுத்துருவில்தான் காட்டும்.

இதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. சிஸ்டம் 7 இன் கண்ட்ரோல் பெனல்களுக்குள்ளே 'வியூஸ்' என்று ஒன்று. ஃபைல்களின் பெயரை எந்த எழுத்துருவில் காட்டவேண்டும் என்று அதில் மாற்றலாம். மாமாவின் மகள், எனக்கு மச்சாள், அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருநாள் அதைக் கண்டுபிடித்துத் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றிவிட்டாள். கலியாணம் என்று தட்டியது கலியாணம் என்றே தெரிந்தது. சந்தோசம் கொஞ்ச நேரந்தான். ஆங்கிலத்தில் இருந்த பெயர்களெல்லாம் தமிழெழுத்தில் உளற ஆரம்பித்தன. 'சிஸ்டம் ஃபோல்டர்' என்பது 'ளுலளவநஅ குழடனநச' ஆகிவிட்டது. பாமினியோடு சீவித்தவர்களுக்கு இந்தப் பாசை தெரியும். ஆங்கிலக் கடிதம் ஒன்றைத் தவறுதலாகத் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினால் வரிக்கு வரி 'வாந' 'வாந' என்று வருமே, அதே பாசைதான். பேஜ்மேக்கர் எது, பிரிண்டர் எது என்று தெரியாமல் மாமா கத்தத் தொடங்க, மச்சாள் பழையபடி ஜெனீவாவுக்கே மாற்றிவிட்டாள்.

சரி, ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று பாமினியிலேயே பெயர் தட்டினால் அடுத்த இடைஞ்சல் வரும். அந்த மெசினில் ஒரு பெயருக்கு 31 எழுத்துத்தான் இடம். பாமினியில் கொம்பு ஒரு தட்டு, எழுத்து ஒரு தட்டு, அரவு ஒரு தட்டு, புள்ளி ஒரு தட்டு. கொக்கட்டிச்சோலை என்று தட்டவே 16 போய்விடும். அதற்குப் பின்னால் தான்தோன்றீஸ்வரர் ஆலயத் திருவிழா என்று எங்கே எழுதுவது?

எனவே மாமா நிறத்துக்கு வந்தார்.

அப்பிள் நிறுவனம் அந்த ஏழு நிறத்துக்கும் பெயர் வைத்தே அனுப்பியிருந்தது. செம்மஞ்சளுக்கு எசென்ஷியல், சிவப்புக்கு ஹொட், கடும் றோசுக்கு இன் புரோகிரஸ், இளநீலத்துக்குக் கூல், கருநீலத்துக்குப் பேர்சனல், பச்சைக்கு புரோஜெக்ட் 1, மண்ணிறத்துக்கு புரோஜெக்ட் 2. கலிபோர்னியாவில் ஒரு அலுவலகத்தில் இருந்து யோசித்த பெயர்கள். மாமா அவற்றை மாற்றவில்லை. மாற்றியும் பிரயோசனமில்லை, மெனுவில் வரும் எழுத்துருவும் தமிழ் காட்டாது. அவர் மாற்றியது நிறத்தை. 'லேபல்ஸ்' என்ற கண்ட்ரோல் பெனலைத் திறந்து நிறத்தின்மேல் தட்டினால் ஒரு வர்ணச் சக்கரம் வரும். அதில் எங்கே வேண்டுமானாலும் தொட்டு நிறத்தை எடுக்கலாம். செம்மஞ்சளைச் சுத்த மஞ்சளாக்கினார். அந்த மஞ்சள் எங்கேயிருந்து வந்தது என்று பிரஸ்ஸின் பின்னறையைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். கோயில் நோட்டீஸ் எல்லாம் மஞ்சள் தாளில்தான் அடிப்பது. ரீம் ரீமாக அந்த மஞ்சள் அங்கே அடுக்கிக் கிடக்கும். றோஸை வெளிறிய றோஸாக்கினார், அது கலியாணக் கவரின் நிறம்.

இந்த மெசின் இப்போது என்னிடம் இருக்கிறது. அதைத் திருத்தி எழுப்பியபோது திரை நிறையக் கலர் கலராக ஃபோல்டர்கள் வந்தன. எது என்னவென்று ஒரு சொல்கூட இல்லை. பெயர்களோ பாதி பாமினி, பாதி ஆங்கிலத்தில் அரைகுறை. மாமா கல்லடியில் இருக்கிறார், கண் ஒப்பரேசன் செய்த பிறகு இப்போதுதான் பேப்பர் வாசிக்கத் தொடங்கியிருக்கிறார். மெசினை அவர் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்து, ஒவ்வொரு நிறமாகக் கேட்டு எழுதினேன்.

ஃபோல்டர்களின் நிறம் முதலில் விளங்கியது. மஞ்சள் கோயில்: மாமாங்கத்து ஆடி அமாவாசை, மண்டூர், கொக்கட்டிச்சோலை, அம்பாறைப் பக்கம் திருக்கோவில், காரைதீவுக் கண்ணகியம்மனின் வைகாசித் திருக்குளிர்த்தி. போன வருசத்து நோட்டீஸைத் திறந்து திகதியையும் உபயகாரர் பெயரையும் மாற்றி அடிப்பதுதான் வழக்கம் என்பதால் இந்தப் ஃபோல்டர் வருசம் முழுக்கத் தேவை. றோஸ் கலியாணம். காத்தான்குடி நிக்காஹ் அழைப்பிதழும் கல்லடிக் கலியாணக் காட்டும் ஒரே ஃபோல்டரில்தான் கிடந்தன. முஸ்லிம் ஆட்களின் வேலைக்குப் பச்சை வைப்போமே என்று மச்சாள் கேட்டதற்கு மாமா, "கலியாணம் கலியாணந்தான் புள்ள, அதுக்கென்ன ரெண்டு பெட்டி" என்றாராம். கருநீலம் பில் புத்தகம், லெட்டர் ஹெட் போன்ற கடை வேலைகள். மண்ணிற ஃபோல்டரைத் திறந்தேன், உள்ளே ஒன்றுமில்லை. "அதுல இருந்ததெல்லாம் அண்டண்டைக்கே அழிச்சாச்சு" என்றார். அந்தச் சண்டைக் காலத்தில் மட்டக்களப்பில் பிரஸ் வைத்திருந்த எவரிடமும் இதற்குமேல் கேட்கத் தேவையில்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து போஸ்டர் அடித்துத் தரச் சொல்வார்கள். யார் சொன்னாலும் அடிக்கத்தான் வேணும், யாருக்கு அடித்தது என்று மற்றவனுக்குத் தெரியக்கூடாது.

மரண அறிவித்தலுக்கு நிறமே இல்லை. அது எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாது, திரையில் வெளியே கிடக்கும். செத்தவீட்டு நோட்டீஸ் இரண்டு மணித்தியாலத்தில் வெளியே போகவேண்டிய வேலை, அதை அடுக்கிவைத்து என்ன செய்வது என்பது மாமாவின் கேள்வி.

குழப்பம் ஃபைல்களில்தான் வந்தது. றோஸ் ஃபோல்டருக்குள்ளே இருக்கும் கலியாணக் காட்டுகள் றோஸாக இல்லை. சில சிவப்பு, சில பச்சை, மிச்சமெல்லாம் வெறும் வெள்ளை. மஞ்சள் ஃபோல்டருக்குள்ளும் அப்படியே. வகைக்கு ஒரு நிறம் என்ற கணக்கு உள்ளே நுழைந்ததும் உடைந்துபோகிறது. மாமா இதை விளங்கப்படுத்தியபோது மூன்று நிறத்தை மட்டும் சொன்னார்.

இளநீலம் படுவான்கரை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை வாவிக்கு அந்தப் பக்கத்துச் சனம் துறையில் தோணி ஏறி வரவேண்டும், இல்லாவிட்டால் வலையிறவுப் பாலத்தால் சுற்றி, சாவடியில் வரிசையில் நின்று வரவேண்டும். புரூஃப் பார்க்க ஒருநாள், எடுத்துப்போக ஒருநாள் என்று அவர்களை இரண்டு தரம் அலைக்கழிக்க முடியாது. காலையில் வந்தவர் பின்னேரம் கட்டோடு திரும்பவேண்டும். அவருடைய ஃபைல் இளநீலமானால் மற்ற வேலையெல்லாம் பிறகுதான்.

பச்சை, பிழை பார்த்து ஆள் கையெழுத்து வைத்தாயிற்று, பிளேட் அடிக்கலாம் என்பது. மட்டக்களப்பில் கலியாணக் காட்டில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

சிவப்பு, சாமான் போய்விட்டது, காசு வரவில்லை.

வெள்ளை, அதாவது நிறம் எடுத்துவிட்டது, கணக்குத் தீர்ந்தது.

இதைக் கேட்டபிறகுதான் அந்த மெசினில் நடந்த ஒழுங்கு எனக்குப் பிடிபட்டது. ஃபோல்டரின் நிறம் என்ன வேலை என்று சொல்கிறது, மாறாது. ஃபைலின் நிறம் வேலை எங்கே நிற்கிறது என்று சொல்கிறது, மாறிக்கொண்டேயிருக்கும். வந்த வேலை பச்சையாகி, சிவப்பாகி, கடைசியில் நிறமிழந்து போகவேண்டும். நன்றாக ஓடும் பிரஸ்ஸில் ஃபைல்களில் நிறம் குறைவாக இருக்கும். நிறத்தைப் போடுவதற்காகவே போடாமல், எடுப்பதற்காகப் போட்டிருக்கிறார் மனுசன்.

சிஸ்டம் 7 இன் லேபலைக் குறை சொல்பவர்கள் எல்லாரும் சொல்லும் குறை ஒன்று இருக்கிறது: ஒரு ஃபைலுக்கு ஒரு நிறம்தான். பச்சையும் சிவப்பும் சேர்த்துக் கொடுக்க முடியாது. காரணம், ஒவ்வொரு ஃபைலோடும் ஃபைண்டர் வைத்திருக்கும் குறிப்பில் லேபலுக்கென்று மூன்றே மூன்று பிட், அதாவது சுழியமோ ஒன்றோ எழுதும் மூன்று இடம், ஒதுக்கியிருந்தார்கள். மூன்று பிட்டில் எட்டு எண் எழுதலாம். சுழியம் நிறமில்லாதது, மிச்சம் ஏழு. மாமாவுக்கு இது இடைஞ்சலாகவே இருக்கவில்லை. ஒரு வேலை ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் நிற்கும். புரூஃப் பார்க்காமல் அடிக்க முடியாது, அடிக்காமல் கடன் சொல்ல முடியாது. பட்டியல் முறையில் ஃபோல்டரைத் திறந்து 'பை லேபல்' என்று வரிசைப்படுத்தினால் சிவப்பெல்லாம் ஒரு கூட்டமாக, பச்சையெல்லாம் ஒரு கூட்டமாக வந்து நிற்கும். காலையில் கடை திறந்ததும் மாமா முதலில் செய்வது அதுதான்.

2013 இல் வந்த மேக் ஓஎஸ் 10.9 இல் அப்பிள் இந்த லேபலை 'டேக்' என்று மாற்றி, ஒரு ஃபைலுக்கு எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்று ஆக்கியது. எனக்குத் தெரிந்தவர்களில் அதை ஒழுங்காகப் பாவிப்பவர் ஒருவரும் இல்லை. நானும் பாவிப்பதில்லை. ஒரு ஃபைலில் நாலு புள்ளி கிடந்தால் கண் எதைப் பார்ப்பது? சிஸ்டம் 7 இல் புள்ளி கிடையாது, ஐகனே சாயமேறி நிற்கும். தூரத்திலிருந்து, மிதி மெசின் பக்கத்திலிருந்துகூட, எத்தனை சிவப்பு என்று மாமா எண்ணிச் சொல்லுவார்.

எழுதிவைத்தது காணாமல்போய் நிறம் மட்டும் மிஞ்சிய கதையும் இந்த மெசினில் உண்டு. 'கெற் இன்ஃபோ' என்ற பெட்டியில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதலாம். மச்சாள் கெட்டிக்காரி, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை கொப்பி, எவ்வளவு அட்வான்ஸ் என்று அதில் தட்டிவைத்திருந்தாள். ஒருநாள் ஐகன்கள் எல்லாம் வெறும் தாள் மாதிரித் தெரியத் தொடங்க, திருத்த வந்தவர் மெசினைத் தொடங்கும்போது கொமாண்ட், ஒப்ஷன் இரண்டையும் அமத்திப் பிடித்து டெஸ்க்டொப்பைப் புதிதாகக் கட்டினார். அது சரியான வைத்தியந்தான். ஆனால் அந்தக் குறிப்புகள் டெஸ்க்டொப்புக்கான தனி ஃபைலில் இருந்தவை. கட்டும்போது அவை அழிந்துபோகும். லேபல் அப்படியில்லை, அந்த மூன்று பிட் ஒவ்வொரு ஃபைலின் பதிவோடும் சேர்ந்து வட்டின் பட்டியலிலேயே இருக்கிறது. அன்று பின்னேரம் அட்வான்ஸ் கணக்கெல்லாம் போய், சிவப்பு மட்டும் சிவப்பாகவே நின்றது.

இன்னொரு சங்கடம் கொழும்பில் நடந்தது. நாலு நிறக் காட் என்றால் ஃபிலிம் எடுக்க அங்கேதான் அனுப்பவேண்டும். புளொப்பியில் ஃபைலைப் போட்டுப் பஸ்ஸில் அனுப்புவார்கள். ஃபைல் கொண்டுபோவது நிறத்தின் எண்ணை மட்டுந்தான். அந்த எண்ணுக்கு என்ன நிறம், என்ன பெயர் என்பது ஒவ்வொரு மெசினின் சிஸ்டத்துக்குள்ளும் தனித்தனியாக இருக்கும். மாமாவின் மஞ்சள் கொழும்பில் செம்மஞ்சளாகும். சிவப்பு அங்கேயும் சிவப்புத்தான், ஆனால் பக்கத்தில் 'ஹொட்' என்று இருக்கும். ஒருமுறை ஒரு புளொப்பியில் காசு தராத ஒருவருடைய பழைய ஃபைலும் தவறிப் போய்விட்டது. அங்கேயிருந்தவர்கள் சிவப்பைக் கண்டதும் அவசர வேலை என்று நினைத்து, அதை முதலாவதாக எடுத்து ஃபிலிம் அடித்து பில்லும் போட்டு அனுப்பிவிட்டார்கள். மாமா அந்த ஃபிலிமை இன்னும் வைத்திருக்கிறார், கோபத்தில்.

ஐகனைப் பற்றிச் சொல்லாவிட்டால் மச்சாள் கோவிப்பாள். சிஸ்டம் 7 இல் எந்தப் படத்தையும் கொப்பி பண்ணி, கெற் இன்ஃபோ பெட்டியில் இருக்கும் ஐகனைத் தட்டி, அதன்மேல் ஒட்டினால் ஃபைலின் ஐகன் மாறிவிடும். ஃபோல்டர் என்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபைல் உருவாகி அந்தப் படத்தை வைத்துக்கொள்ளும். அதன் பெயர் ஆங்கிலத்தில் 'ஐகன்' என்றுதான், கடைசியில் மட்டும் ஒரு ரிட்டேர்ன் எழுத்து ஒட்டியிருக்கும், யாரும் தவறித் தட்டி அதே பெயரை வைத்துவிடாமலிருக்க. மச்சாள் இதைவிட ஒருபடி மேலே போய், ரெஸ்எடிட் என்ற அப்பிளின் சொப்ட்வேரில் கலியாண ஃபோல்டருக்கென்று ஒரு நிறைகுடம் வரைந்திருந்தாள்.

அதை இப்போது பெருப்பித்துப் பார்க்கும்போதுதான் அவளுடைய பொறுமை தெரிகிறது. 32 புள்ளிக்கு 32 புள்ளி, அதற்குள்ளே குடம், மாவிலை, தேங்காய், கீழே நெல் பரப்பிய வாழையிலை. தேங்காய்க்கு மூன்று மண்ணிறம்: வெளிச்சம் படும் பக்கம் ஒன்று, நிழல் ஒன்று, குடுமிக்கு ஒன்று. மாவிலை ஐந்தை வைக்க இடமில்லாமல் மூன்றோடு நிறுத்தியிருக்கிறாள். ரெஸ்எடிட்டில் ஐகனுக்கு உகந்தது என்று அப்பிள் தெரிந்துவைத்த 34 நிறங்கொண்ட ஒரு தட்டு இருந்தது. அவள் அதைத் தாண்டவில்லை. பட்டியலில் தெரிவதற்கு 16 புள்ளிக்கு 16 புள்ளியில் சின்னது ஒன்று தனியாக வரையவேண்டும். அதில் மாவிலையும் இல்லை, நெல்லும் இல்லை. குடமும் தேங்காயும் மட்டும், தேங்காய் நாலு புள்ளி. ஆனாலும் பார்த்தவுடன் நிறைகுடம் என்று தெரிகிறது. இவ்வளவும் வரைந்து முடித்தபிறகு மாமா அதன்மேல் றோஸ் லேபலைப் போட, குடம், தேங்காய், மாவிலை எல்லாம் ஒரே றோஸாகிவிட்டது. அன்றைக்கு நடந்த சண்டையை மாமி இன்றைக்கும் நடித்துக் காட்டுவா. கடைசியில் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் லேபல் கிடையாது என்று தீர்ப்பாகி, வட்டில் இப்போதும் றோஸ் ஃபோல்டர் ஒன்றும் நிறைகுடம் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. முதலாவது ஊர்க் கலியாணம், இரண்டாவது சொந்தக்காரர் கலியாணம்.

மெசினைத் திருத்திய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். கலர் கிளாசிக்கைப் பிடித்த வியாதி கப்பாசிற்றர் கசிவு. உள்ளேயிருக்கும் திரவம் ஒழுகிப் பலகையை அரிக்கும். கடற்காற்றுப் படும் ஊரில் கேட்கவே வேண்டாம். பழையதைக் கழற்றச் சோல்டர் இரும்பை வைத்தால் மீன் வாடை வரும். மீன் பாடும் ஊரில் இது ஒரு பொருட்டா என்று திருத்திய நண்பர் பகிடி விட்டார். ஸ்கசி என்ற இணைப்பில் ஓடும் வட்டின் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு எஸ்.டி. கார்டை ஸ்கசி வட்டாக நடிக்கவைக்கும் சின்னப் பலகை ஒன்றைப் பழைய வட்டின் இடத்தில் பூட்டியிருக்கிறோம்.

பிரதியைப் புதிய மேக்கில் திறக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 10.15 இலிருந்து அந்தப் பழைய வட்டு முறையை மேக் ஓஎஸ் அடியோடு கைவிட்டுவிட்டது. 10.6 முதல் 10.14 வரை வாசிக்க மட்டும் முடியும். திறந்தால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. 2001 இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது லேபலை எடுத்துவிட்டார்கள். 2003 இல் 10.3 இல் திருப்பிக் கொடுத்தார்கள். அதே மூன்று பிட், அதே எண்கள். ஆனால் எண்ணுக்குரிய நிறங்களில் சிலதை மாற்றிவிட்டார்கள். செம்மஞ்சள், சிவப்பு, பச்சை மூன்றும் அப்படியே வரும். றோஸின் இடத்தில் மஞ்சள் வரும், கருநீலத்தின் இடத்தில் ஊதா வரும், மண்ணிறத்தின் இடத்தில் சாம்பல் வரும். மாமாவின் கோயில் செம்மஞ்சளாகி, கலியாணம் மஞ்சளாகிவிட்டது. பழையதை ஒழுங்காகப் பார்க்கவேண்டுமென்றால் பழைய மெசினாக நடிக்கும் பெசிலிஸ்க் போன்ற எமுலேற்றரில் அந்த வட்டின் சொந்த சிஸ்டத்தையே ஓடவிடுங்கள், அவர் வைத்த மஞ்சள் மஞ்சளாகவே வரும். விண்டோஸ் வட்டுக்கு நேரே கொப்பி பண்ணினால் நிறமும் ஐகனும் இரண்டும் போய்விடும்.

இதெல்லாம் முடிந்து நான் மெசினை மூடப்போகையில் மாமா கேட்டார்: "சிவப்பு எத்தனை கிடக்கு மருமகன்?"

சிஸ்டம் 7 இல் நிறத்தை வைத்தே தேடலாம். லேபல் சிவப்பு என்று கொடுத்து முழு வட்டையும் தேடவிட்டேன். அந்த மெசின் வேகத்துக்கு அது ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம். ஒவ்வொன்றாகப் பேஜ்மேக்கரில் திறந்து காட்ட, மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். சிலர் செத்துப்போனார்கள். சிலர் கனடாவில். ஒரு விளையாட்டுக் கழகம் இப்போது இல்லை. ஒருவர் இப்போதும் தினமும் காந்திப் பூங்காவுக்கு வருகிறவர்; அவரைப் பார்க்கும்போது ஒன்றும் சொல்லாதே, நானே ஒருநாள் கேட்கிறேன் என்றார். அதற்கடுத்தது கருநீல ஃபோல்டருக்குள்ளிருந்து வந்த ஒரு பில் புத்தகம். திறந்ததும் எங்கள் கடையின் பெயர் பெரிதாக நின்றது. அப்பாவின் கடை.

மாமி அடுப்படிக்குள்ளிருந்து சிரித்தா. மாமா உடனே ஃபோனை எடுத்தார்.

"மச்சான், உங்கட பில் புத்தகக் காசு இன்னும் வரல்ல."

அந்தப் பக்கத்தில் அப்பா கொஞ்ச நேரம் என்னவென்று விளங்காமல் இருந்து, பிறகு பிடித்துக்கொண்டார். "அது அப்பவே குடுத்தாச்சு. தீபாவளிக்கு முதல்நாள் உன்ர கையிலதான் தந்தனான். நீ நிறத்த எடுக்க மறந்திருப்பாய்."

"நான் மறக்கிற ஆளா?"

எந்த வருசத் தீபாவளி என்று பார்க்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. மெசினுக்குள்ளே இருந்த சின்ன லிதியம் பற்றரி எப்போதோ செத்துப்போய், அதற்குப்பிறகு பதிந்த ஃபைல்களின் திகதியெல்லாம் தாறுமாறு. மெக்கின்டோஷின் நாட்கணக்கு தொடங்குவது 1904 ஜனவரி 1 இல். அப்பாவின் பில் புத்தகம் மெக்கின்டோஷ் என்ற பெயரே இல்லாத ஒரு காலத்தில் செய்ததாகக் காட்டியது. கெற் இன்ஃபோவில் மச்சாள் எழுதிய குறிப்பும் இல்லை.

இருவரும் போன கிழமையும் இதைப் பற்றிக் கதைத்தார்கள். அப்பா என்னிடம் அந்த ஃபைலை வெள்ளையாக்கச் சொல்கிறார். மாமா, தன்னைக் கேட்காமல் லேபல் மெனுவில் கை வைக்கக்கூடாது என்கிறார். மெசின் என் அறையில் இருக்கிறது, ஃபைல் சிவப்பாகத்தான் கிடக்கிறது.